ஞாயிற்றின் தொலைவை அளந்த வரலாறு

ஞாயிறு நமக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று எந்தப் பள்ளி மாணவனைக் கேட்டாலும், ஏறத்தாழ பதினைந்து கோடிக் கிலோமீட்டர் என்று தயங்காமல் விடை கூறிவிடுவான். அந்தத் தொலைவை யார் அளந்தார்கள், எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தார்கள் என்று அடுத்த வினாவைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஆசிரியர் பணியில் இருந்த காலத்தில் நான் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். விடையை மட்டும் அறிந்து, விடை கிடைத்த வழியை அறியாதிருப்பது அரைக் கல்வியே ஆகும். ஆதலால் அந்த வழியைப் பற்றியே இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன். அது கணக்கும், கடற்பயணமும், போரும், பொறுமையும் கலந்த ஒரு நீண்ட வரலாறு. நம் புதுச்சேரிக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

வானத்துப் பொருள்களின் தொலைவை அறிய வேண்டும் என்ற ஆவல் மிகப் பழைமையானது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டார்க்கஸ், திங்களைப் போல் பத்தொன்பது மடங்கு தொலைவில் ஞாயிறு இருப்பதாகக் கணித்தார். அவர் கையாண்ட முறை சரியானதே. ஆனால் வெறுங்கண்ணால் அளக்க முடியாத அளவுக்கு நுண்ணிய ஒரு கோணத்தை அம்முறை வேண்டியது. உண்மையில் ஞாயிறு திங்களைப் போல் நானூறு மடங்கு தொலைவில் உள்ளது. பின்வந்த தாலமி, புவியின் ஆரத்தைப் போல் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு மடங்கு என்று கொண்டார். உண்மையோ இருபத்து மூவாயிரம் மடங்குக்கும் மேல். எனினும் தாலமியின் அளவே ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மேலைநாடுகளில் நிலவி வந்தது.

நம் நாட்டுக் கணியர்களோ கோள்கள் இயங்கும் காலத்தையும் கோணத்தையும் கணிப்பதில் பெருந்திறம் பெற்றிருந்தனர். கிரகணம் எந்த நாழிகையில் தொடங்கும், எந்த நாழிகையில் விடும் என்பதே பஞ்சாங்கத்துக்கு வேண்டுவது. அதற்குக் காலக் கணக்கு இன்றியமையாதது. ஞாயிறு எத்தனை காதம் அப்பால் இருக்கிறது என்பது அத்துணை முதன்மையானதன்று. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவோம்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் ஒரு பெரிய விதியைக் கண்டார். ஒரு கோள் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலத்தை அறிந்தால், ஞாயிற்றிலிருந்து அது இருக்கும் தொலைவின் விகிதத்தை அறிந்துவிடலாம் என்பதே அவ்விதியின் பயன். புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடையே உள்ள தொலைவை ஒன்று என்று வைத்துக்கொண்டால், வெள்ளியின் தொலைவு 0.72, செவ்வாயின் தொலைவு 1.52. இவ்வாறு ஞாயிற்றுக் குடும்பம் முழுவதற்கும் ஒரு படம் வரைந்துவிட முடிந்தது. ஆனால் அது எப்படிப்பட்ட படம்? மதுரை இங்கே, திருச்சி இங்கே, சென்னை இங்கே என்று சரியாகக் குறித்துவிட்டு, ஓர் அங்குலத்துக்கு எத்தனை மைல் என்று எழுத மறந்துவிட்ட நிலப்படத்தைப் போன்றது. அந்தப் படத்தில் ஏதேனும் ஒரு தொலைவை உண்மையாக அளந்துவிட்டால் போதும். மற்றவை யாவும் தாமே விளங்கிவிடும்.

அந்த ஒரு தொலைவை அளப்பது எப்படி? உங்கள் கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். விரல் அசையாதிருந்தும், பின்னால் உள்ள சுவரில் அது இடம் மாறியதுபோல் தோன்றும். இதனை இடமாறு தோற்றம் என்பர். விரல் அருகில் இருந்தால் மாற்றம் மிகுதி. தொலைவில் இருந்தால் மாற்றம் குறைவு. இரு கண்களுக்கும் உள்ள இடைவெளி தெரிந்தால், தோன்றும் மாற்றத்தைக் கொண்டு விரலின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். வானத்தை அளக்க நம் இரு கண்களின் இடைவெளி போதாது. ஆதலால் புவியின் வெவ்வேறு பகுதிகளில் இருவர் நின்று, ஒரே பொருளை ஒரே காலத்தில் நோக்க வேண்டும்.

இம்முறையை 1672ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் செவ்வாய்க்குக் கையாண்டனர். காசினி என்பவர் பாரிசிலும், ரிஷே என்பவர் தென்னமெரிக்காவில் உள்ள கயேனிலும் இருந்து செவ்வாயை நோக்கினர். அதிலிருந்து ஞாயிற்றின் தொலைவு ஏறத்தாழ 14 கோடிக் கிலோமீட்டர் என்று கிடைத்தது. இது உண்மைக்கு அருகில் வந்த அளவே. ஆயினும் அக்காலக் கருவிகளின் பிழை, அளக்கப்பட்ட கோணத்துக்கு ஏறக்குறைய ஒப்பாக இருந்தமையால், அதை உறுதியாக நம்புவதற்கில்லை. அதனினும் நம்பகமான வழி ஒன்று வேண்டியிருந்தது. அந்த வழியை வெள்ளி காட்டியது.

வெள்ளி, ஞாயிற்றுக்கும் நமக்கும் இடையே உள்ள பாதையில் சுற்றுகிறது. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்களுக்கு ஒருமுறை அது நமக்கும் ஞாயிற்றுக்கும் நடுவே வருகிறது. ஆனால் அதன் பாதை நம் பாதைக்குச் சற்றுச் சாய்ந்திருப்பதால், பெரும்பாலும் ஞாயிற்றுக்கு மேலாகவோ கீழாகவோ சென்றுவிடும். மிக அரிதாகவே ஞாயிற்று வட்டத்தின் மேல் ஒரு சிறு கரும்பொட்டாக ஊர்ந்து கடக்கும். இதனை வெள்ளியின் இடைநகர்வு என்கிறோம். எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தபின், நூற்றைந்து அல்லது நூற்றிருபத்தோர் ஆண்டுகளுக்கு மேல் அது நிகழ்வதே இல்லை.

இந்நிகழ்ச்சியை முதன்முதலில் கண்டவராக வரலாறு குறிப்பது ஓர் இளைஞரை. இங்கிலாந்தின் வட பகுதியில் வாழ்ந்த ஜெரமையா ஹொராக்ஸ் அப்போது இருபது வயதைச் சற்றே கடந்திருந்தார். கெப்ளரின் அட்டவணைகளைத் தாமே திருத்திக் கணக்கிட்டு, 1639ஆம் ஆண்டில் வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் என்று கண்டார். தம் நண்பர் கிராப்டிரீக்கு அதை எழுதித் தெரிவித்தார். இன்றைய நாட்காட்டியின்படி டிசம்பர் 4 அன்று, தொலைநோக்கியின் வழியே ஞாயிற்றின் உருவத்தைத் தாளில் விழச்செய்து காத்திருந்தார். மாலை ஞாயிறு மறைவதற்கு அரைமணி நேரமே இருக்கும்போது, மேகம் விலகி, தாளின் மேல் அந்தக் கரும்பொட்டு தோன்றியது. அந்தச் சிறு பொழுதிலேயே அவர் அளவுகளை எடுத்துக்கொண்டார். 1641இல் அவர் இறந்துவிட்டார். உலகில் அன்று அந்தக் காட்சியைக் கண்டதாகப் பதிவு உள்ளவர்கள் அந்த இரு நண்பர்களே.

ஹொராக்சுக்குப் பின் இத்துறையில் பெரும் பணி ஆற்றியவர் எட்மண்ட் ஹாலி. அவர் பெயரால் வழங்கும் வால்மீனை நீங்கள் அறிவீர்கள். அவர் 1677இல் செயின்ட் ஹெலினாத் தீவிலிருந்து புதன் ஞாயிற்றைக் கடந்ததை நோக்கினார். கடக்கும் காலத்தை மிக நுட்பமாக அளக்க முடிகிறது என்பதை அப்போது உணர்ந்தார். கோணத்தை அளப்பதில் வரும் பிழையைக் கடிகாரத்தைக் கொண்டு தவிர்த்துவிடலாம் அன்றோ? இந்தக் கருத்தை வளர்த்து, 1716இல் இங்கிலாந்தின் ராயல் கழக ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார்.

அவர் கூறிய முறையை எளிய கணக்காகப் பார்ப்போம். வடக்கில் ஒருவரும் தெற்கில் ஒருவருமாக ஆறாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் நின்று பார்ப்பதாகக் கொள்வோம். புவியிலிருந்து வெள்ளி 0.28 பங்கு தொலைவிலும், வெள்ளியிலிருந்து ஞாயிறு 0.72 பங்கு தொலைவிலும் உள்ளன. ஆகவே இருவரும் காணும் பொட்டுகள் ஞாயிற்றின் மேல் 6,000 கிலோமீட்டரைப் போல் ஏறத்தாழ 2.6 மடங்கு, அதாவது ஏறக்குறைய 15,500 கிலோமீட்டர் விலகியிருக்கும். ஒருவருக்கு வெள்ளி ஞாயிற்று வட்டத்தின் ஒரு கோட்டிலும், மற்றவருக்குச் சற்று நீளமான வேறொரு கோட்டிலும் ஊர்ந்து செல்லும். நீளமான கோட்டைக் கடக்க அதிக நேரம் ஆகும். ஆதலால் இருவர் குறித்த நேரங்களின் வேறுபாட்டிலிருந்து, அவ்விரு கோடுகளின் இடைவெளி ஞாயிற்றின் விட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று தெரிந்துவிடும். அது தொண்ணூறில் ஒரு பங்கு என்று கிடைத்தால், ஞாயிற்றின் விட்டம் 15,500ஐத் தொண்ணூறால் பெருக்கி வரும் 13 லட்சத்து 95 ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். ஞாயிறு தன் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 107½ மடங்கு தொலைவில் உள்ளது என்பதை அதன் தோற்ற அளவிலிருந்தே அறியலாம். இரண்டையும் பெருக்குங்கள், பதினைந்து கோடி வந்துவிடும்.

ஹாலியின் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது. அடுத்த இடைநகர்வோ 1761இல். அன்று அவர் உயிரோடிருந்தால் வயது நூற்று நான்கு. தாம் காணமாட்டோம் என்பதை நன்கு அறிந்தே, வரும் தலைமுறை அறிஞர்கள் உலகின் பல இடங்களுக்கும் சென்று இதனைத் தவறாது நோக்கவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். 1742இல் அவர் காலமானார். அவர் சொல்லை உலகம் மறக்கவில்லை.

1761ஆம் ஆண்டு வந்தது. ஆனால் அப்போது இங்கிலாந்தும் பிரான்சும் ஏழாண்டுப் போரில் ஈடுபட்டிருந்தன. ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட நோக்குநர்கள் பல நாடுகளிலும் ஆயத்தமாயினர். மேசன், டிக்சன் என்னும் ஆங்கிலேயர் இருவர் சுமத்ராவுக்குப் புறப்பட்டனர். பிரெஞ்சுப் போர்க்கப்பல் தாக்கியதில் அவர்கள் கப்பலில் பதினொருவர் மாண்டனர். பிறகு அவர்கள் நன்னம்பிக்கை முனையில் இறங்கி நோக்கினர். ஷாப் என்னும் பிரெஞ்சுக்காரர் சைபீரியாவில் உள்ள தொபோல்ஸ்க் நகருக்குப் பனிச்சறுக்கு வண்டியில் சென்றார். அவ்வாண்டு அங்கே ஆறு பெருக்கெடுத்தமைக்கு, இந்த அயலார் ஞாயிற்றோடு விளையாடுவதே காரணம் என்று மக்கள் சினந்தமையால், அவருக்குக் காவல் போட வேண்டியிருந்தது. நம் சென்னையிலும், வில்லியம் ஹெர்ஸ்ட் என்னும் பாதிரியார் ஆளுநர் பிகட்டுடன் இருந்து அக்காட்சியை நோக்கிப் பதிவு செய்தார்.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். லெ ஜான்தீல் என்னும் பிரெஞ்சு அறிஞர், இடைநகர்வைப் புதுச்சேரியிலிருந்து நோக்குவதற்காக 1760 மார்ச்சு மாதம் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டார். இன்று மொரீஷியஸ் எனப்படும் தீவை அடைந்து, அங்கிருந்து 1761 மார்ச்சில் கப்பலேறினார். கப்பல் மலையாளக் கரையை நெருங்கியபோது, மாஹியும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டன என்ற செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பிவிட்டது. ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது. வெள்ளி ஞாயிற்றைக் கடப்பதையும் கண்டார். ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் சரிவர ஓடாது. கப்பல் நிற்கும் இடத்தையும் உறுதியாகக் குறிக்க இயலாது. அந்த நோக்கு கணக்குக்குப் பயன்படவில்லை.

எட்டாண்டுகள் கழித்து, 1769இல் மற்றொரு வாய்ப்பு இருந்தது. அதைவிட்டால் நூறாண்டுகளுக்கு மேல் இல்லை. எனவே ஊர் திரும்பாமல் இந்தியப் பெருங்கடற் பகுதியிலேயே தங்கிவிட அவர் முடிவு செய்தார். அந்த ஆண்டுகளில் மடகாஸ்கர் முதலிய தீவுகளின் இயற்கை வளத்தையும், காற்றையும், கடல் ஓட்டத்தையும் ஆராய்ந்தார். 1766இல் மணிலா சென்றார். அங்குள்ள ஸ்பானிய ஆளுநர் அவரை ஐயுற்றார். 1763இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியிருந்தமையால், 1768 மார்ச்சில் அங்கு வந்து சேர்ந்தார். ஆங்கிலேயரால் இடித்துத் தள்ளப்பட்ட கோட்டையின் இடிபாடுகளின் மேல் அவருக்கு ஒரு வானாய்வுக்கூடம் கட்டித் தரப்பட்டது. முன்பு பகைவராயிருந்த சென்னை ஆங்கிலேயரே அவருக்கு நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினர்.

காத்திருந்த அந்த ஓராண்டில் அவர் செய்த ஒரு செயல் நமக்கு மிகவும் முக்கியமானது. புதுச்சேரித் தமிழர் ஒருவரிடம் நம் நாட்டுக் கணித முறையை மாணவர்போல் இருந்து கற்றார். அந்தக் கணியர் எழுதுகோலும் தாளும் இன்றி, சோழிகளைப் பரப்பி வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே கிரகணக் கணக்கைப் போட்டது கண்டு வியந்தார். 1765 ஆகஸ்டு 30 அன்று நிகழ்ந்த திங்கள் கிரகணத்தைச் சோதனையாக எடுத்துக்கொண்டபோது, தமிழ்முறைக் கணக்கு கிரகணம் நீடித்த காலத்தை 41 நொடி குறைவாகக் காட்டியதென்றும், அக்காலத்து ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளுள் ஒன்றான மேயர் அட்டவணை 68 நொடி கூடுதலாகக் காட்டியதென்றும் அவர் எழுதியுள்ளார். இதைக் கேட்டு நாம் பெருமைப்படலாம். ஆனால் பெருமையோடு நின்றுவிடலாகாது. அந்தக் கணியர் வாக்கியத்தைப் பிழையறச் சொல்லவும் கணக்கிடவும் வல்லவர்; அவ்வாக்கியம் எவ்வாறு பிறந்தது என்பதோ தலைமுறைகளின் ஓட்டத்தில் கைநழுவிப் போயிருந்தது. விடையைக் காத்து, வழியை இழந்த நிலை அது. தொடக்கத்தில் நான் கூறிய அரைக் கல்வியின் ஆபத்து இதுவே.

1769 ஜூன் வந்தது. மே மாதம் முழுவதும் புதுச்சேரியில் காலை வானம் தெளிந்தே இருந்தது. ஜூன் 3 மாலையும் அவ்வாறே. நம் நாட்டுக் கணக்கின்படி ஜூன் 4 விடியும்போது, வெள்ளி ஞாயிற்று வட்டத்தின் மேல் இருக்கும். ஏழு மணியளவில் வெளியேறும். இரவில் எழுந்து பார்த்த லெ ஜான்தீல் வானம் முழுதும் மேகம் மூடியிருக்கக் கண்டார். விடிந்தது, காற்று வீசியது, மேகம் விலகவில்லை. வெள்ளி வெளியேறிய பிறகே ஞாயிறு தோன்றியது. அதன்பின் நாள் முழுதும் ஒளி வீசியது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்ததாம். இரு வாரங்களுக்கு மேல் நாட்குறிப்பைத் தொடரும் மனத்திண்மையே அவருக்கு இல்லாமற்போயிற்று.

நோயுற்று, கடலில் புயலுக்கும் தப்பி, 1771 அக்டோபரில் அவர் பிரான்சை அடைந்தபோது பதினொன்றரை ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் இறந்துவிட்டதாகக் கருதிய உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அறிவியற் கழகத்தில் அவர் இருந்த இடமும் பிறருக்குப் போயிருந்தது. எனினும் மீண்டும் கழகத்தில் இடம் பெற்று, மணம் புரிந்து, தம் பயணத்தைப் பற்றி இரு பெருந்தொகுதிகள் எழுதி, 1792 வரை வாழ்ந்தார்.

இந்த வரலாற்றைச் சொல்லும் பலரும், வானநூல் வரலாற்றிலேயே நற்பேறு அற்றவர் என்று கூறி நகைப்புக்கு இடமாக்கி முடித்துவிடுவார்கள். எனக்கு அது உடன்பாடன்று. ஹாலி திட்டமிட்டபோதே, பல இடங்களில் பலர் நிற்கவேண்டும் என்றார். ஏன்? சில இடங்களில் மேகம் மூடும். சிலர் தோற்பர் என்பதை எதிர்பார்த்தே அவ்வாறு கூறினார். எந்த இடத்தில் மேகம் மூடும் என்று முன்னரே தெரிந்தால், அங்கே ஒருவரை அனுப்பத் தேவையில்லை. தெரியாதபோது எல்லா இடங்களிலும் ஆள் நின்றாக வேண்டும். அன்று டாகித்தித் தீவில் கேப்டன் குக் கண்ட தெளிந்த வானமும், புதுச்சேரியில் லெ ஜான்தீல் கண்ட மேகமும் ஒரே முயற்சியின் இரு பகுதிகளே.

இன்னொன்றும் கவனியுங்கள். தாம் ஒன்றும் காணவில்லை என்பதை அவர் உள்ளபடியே எழுதினார். எந்த நேரத்தில் வெள்ளி வெளியேறியிருக்கும் என்பதை முன்கணக்கிலிருந்து அறிந்தே இருந்தார். ஏதோ ஓர் எண்ணை ஏட்டில் எழுதிவிட்டிருந்தால் மறுக்கக்கூடிய சான்று எங்கும் இல்லை. அவ்வாறு அவர் செய்யவில்லை.

பதிவின் நேர்மையைப் பற்றிய மற்றொரு செய்தியையும் இங்கே கூறவேண்டும். 1769இல் நார்வேயின் வடகோடியில் உள்ள வார்டோ தீவிலிருந்து நோக்கியவர் மாக்சிமிலியன் ஹெல் என்னும் பாதிரியார். தெற்கே டாகித்தியில் கிடைத்த நேரத்துக்கும், வடக்கே அவருக்குக் கிடைத்த நேரத்துக்கும் இருபது நிமிடங்களுக்கு மேல் வேறுபாடு இருந்தமையால், அவருடைய அளவு மிகவும் மதிப்புடையதாயிற்று. ஆனால் அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்தபின், 1835இல் லிட்ரோ என்னும் வானநூலார் அவருடைய கையெழுத்து ஏட்டை ஆராய்ந்து, எண்களை வேறு மையால் பிற்பாடு திருத்தியிருக்கிறார் என்று குற்றம் சாட்டினார். அப்பழி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது. 1883இல் அமெரிக்க அறிஞர் நியூகோம் வியன்னாவுக்குச் சென்று அந்த ஏட்டை வரிவரியாகப் பார்த்தார். திருத்தங்கள் மை உலருமுன்பே, அப்போதே செய்யப்பட்டவை என்று கண்டார். குற்றம் சாட்டியவருக்கு நிறங்களைப் பிரித்தறியும் பார்வைக் குறை இருந்தது என்பதும் அவருக்குத் தெரியவந்தது. ஹெல்லைக் காத்தது எது? அடித்தலும் திருத்தலுமாக இருந்த அந்த மூல ஏடுதான். அதனை அவர் அழகாகப் படியெடுத்து வைத்துவிட்டு எரித்திருந்தால், அவர் பெயரை மீட்க வழியே இல்லாமற்போயிருக்கும்.

நான் பணியாற்றிய காலத்தில் ஆய்வுக்கூட ஏடுகளைத் திருத்தும்போது அடிக்கடி வருந்தியதுண்டு. புவியீர்ப்பு முடுக்கம் 980 வரவேண்டும் என்று முன்பே அறிந்த மாணவன், 980 வருமாறு ஊசலின் நேரங்களை எழுதிவிடுவான். 940 என்று தனக்குக் கிடைத்ததை எழுதியவனுக்கு மதிப்பெண் குறையும். பொய் எழுதியவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். இக்குற்றம் மாணவருடையது மட்டுமன்று. அவ்வாறு மதிப்பெண் வழங்கும் முறையினுடையதும் ஆகும். ஞாயிற்றின் தொலைவை அளந்தவர்கள் அவ்வாறு நடந்திருந்தால், தாலமியின் எண்ணே இன்றும் நம் பாடநூலில் இருந்திருக்கும்.

அவர்களுடைய அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெள்ளி ஞாயிற்றின் விளிம்பைத் தொட்டு விலகும் நொடியில், அந்தப் பொட்டு வட்டமாகத் தோன்றாமல் ஒரு கருந்துளி ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் நீண்டு தோன்றியது. அருகருகே நின்ற இருவர்கூட வெவ்வேறு நேரங்களைக் குறித்தனர். டாகித்தியில் குக்கும் அவருடன் சென்ற கிரீனும் அவ்வாறே வேறுபட்டனர். வேறுபாட்டை ஒளிக்காமல் இருவர் எண்களையும் வெளியிட்டனர். கலிபோர்னியாத் தீபகற்பத்துக்குச் சென்ற ஷாப், கொள்ளைநோய் பரவியிருந்த ஊரில் தங்கி நோக்கை முடித்து, 1769 ஆகஸ்டில் அங்கேயே உயிர் துறந்தார். அவருடைய ஏடு மட்டும் பாரிசுக்கு வந்து சேர்ந்தது. இந்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டு, 1771இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஹார்ன்ஸ்பி கணக்கிட்டார். ஞாயிற்றின் தொலைவு 9 கோடியே 37 லட்சத்து 26 ஆயிரத்து 900 மைல் என்பது அவர் கண்ட முடிவு. கிலோமீட்டரில் அது 15 கோடியே 8 லட்சத்துக்கு மேல். இன்றைய அளவுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே.

அடுத்த இடைநகர்வு 1874 டிசம்பர் 9 அன்று நிகழ்ந்தது. அப்போது சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பொதுமக்களும் பஞ்சாங்கக் கணியர்களும் அந்நிகழ்ச்சியின் பொருளை உணரவேண்டும் என்று விரும்பி, உரையாடல் வடிவில் ஒரு சிறு நூலை ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகள் சிலவற்றிலும் ஆக்கினார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவரும் அவரே. பழைய வாக்கியக் கணிதத்தையும் புதிய தொலைநோக்கியையும் ஒருங்கே அறிந்த அவர், நம் கணியர்கள் தம் அட்டவணைகளை நேர்நோக்கால் திருத்திக்கொள்ள வேண்டும் என்று வாதாடினார். கைநழுவிய வழியை மீட்க முயன்ற தமிழ்நாட்டுப் பெரியார் என்று அவரைப் போற்றலாம்.

இன்று தொலைவை அளக்க வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1961இல் வெள்ளியை நோக்கி ரேடார் அலைகளை அனுப்பி, அவை மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளந்துவிட்டனர். 2012இல் உலக வானநூலார் கழகம், வானியல் அலகு 14,959 கோடியே 78 லட்சத்து 70 ஆயிரத்து 700 மீட்டர் என்று வரையறுத்தது. நம் நாடு 2023 செப்டம்பரில் செலுத்திய ஆதித்யா விண்கலம், ஞாயிற்றை ஆராய்வதற்காகப் புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் சென்று நிலைகொண்டது. அது ஞாயிற்றின் தொலைவில் நூற்றில் ஒரு பங்கே. இடைநகர்வு என்னும் கருத்தும் பழையதாகிவிடவில்லை. தொலைவில் உள்ள விண்மீனின் ஒளி இடையிடையே சிறிது குன்றுவதைக் கண்டு, அதனைச் சுற்றும் கோள் ஒன்று இடையே கடக்கிறது என்று அறிகின்றனர். 2009இல் செலுத்தப்பட்டு 2018 வரை இயங்கிய கெப்ளர் விண்தொலைநோக்கி, இம்முறையால் 2,600க்கு மேற்பட்ட கோள்களைக் காட்டியது.

2004 ஜூன் 8 அன்றும், 2012 ஜூன் 6 அன்றும் வெள்ளி மீண்டும் ஞாயிற்றைக் கடந்தது. அடுத்த நிகழ்ச்சி 2117 டிசம்பரில். நானோ, இதைப் படிக்கும் உங்களுள் பெரும்பாலோரோ அதனைக் காணப்போவதில்லை. ஹாலியும் தமக்குரிய இடைநகர்வைக் காணவில்லை என்பதை நினைவிற் கொள்க.

ஆனால் நீங்கள் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஞாயிற்றை நேரே பார்க்காதீர்கள். தொலைநோக்கி வழியே பார்ப்பது கண்ணைக் குருடாக்கிவிடும். ஓர் அட்டையில் ஊசியால் சிறு துளையிட்டு, அதன் வழியே வரும் ஞாயிற்று ஒளியை இரண்டு மீட்டர் அப்பால் நிழலில் வைத்த வெள்ளைத் தாளில் விழச்செய்யுங்கள். அங்கே தோன்றும் சிறு வட்டம் ஞாயிற்றின் உருவமே. அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, இரண்டாயிரத்தை அதனால் வகுத்துப் பாருங்கள். முன்பு கூறிய 107½க்கு அருகில் வரவேண்டும். உங்களுக்கு 100 வந்தால் 100 என்றும், 115 வந்தால் 115 என்றும் எழுதி, நாளையும் நேரத்தையும் அதன் பக்கத்தில் குறித்து வையுங்கள். பிறகு ஏன் அவ்வாறு வந்தது என்று ஆராயுங்கள்.